பொட்டலில் மன்னருக்கு என்ன வயது?

மாறவேள் மன்னரின் சபையில் எதைப் பற்றியும் பேசலாம். மழையைப் பேசலாம், வரியைப் பேசலாம், பக்கத்து நாட்டு ராஜாவின் மூக்கைப் பற்றிக்கூடப் பேசலாம். மன்னரின் வயதை மட்டும் பேசக் கூடாது. கட்டியம் கூறுபவர் தினமும் காலையில் சங்கை ஊதிவிட்டு, "நாற்பதே அகவை நிரம்பிய நம் கோமான்!" என்று முழங்குவார். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்பதுதான். மன்னரின் மீசையும் மாதத்துக்கு இரண்டு முறை தவறாமல் கறுத்துவிடும்.

அந்தச் சபைக்கு ஒரு நாள் நாச்சி வந்தாள். ஊரிலேயே வேகமாக மாட்டு வண்டி விடுகிறவள். அவளுக்குப் பின்னால் முப்பது கூட்டாளிகள்.

"மன்னா, தெருவுல வண்டி விட்டா அடிக்க வர்றாங்க. வயலோரம் விட்டா வரப்பு உடையுதுன்னு திட்டறாங்க. அதுவும் நியாயந்தான். ஊருக்கு வெளியே கள்ளிப் பொட்டல் சும்மா கிடக்கு. முழுக்க மேடு, பள்ளம், பாறை. புல்லுகூட முளைக்காது. அதை வண்டி விடறவங்களுக்குப் பொதுவா விட்டுக் குடுங்க."

அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். கோபம் வந்தால் எதையும் மூன்று தடவை சொல்கிறவர். "கூடாது! கூடாது! கூடாது!"

காரணம் இருந்தது. போன மாதம் நாச்சியின் வண்டி உரசி அவருடைய பல்லக்கு சாணிக்குழியில் கவிழ்ந்திருந்தது. வாசனை போக ஒன்பது நாள் ஆயிற்று.

"பெருமானே, இது விடலைகளின் கூத்து. அறுபது தாண்டிய ஒரே ஒருவர், 'எனக்கு வண்டி விட வேண்டும்' என்று தன் வாயால் கேட்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் கேட்டால் பொட்டல் இவர்களுக்கு. இல்லையென்றால் வண்டி எல்லாம் மடைப்பள்ளிக்கு விறகு! விறகு! விறகு!"

மன்னர் தலையாட்டிவிட்டார்.

நாச்சி வீடு வீடாக ஏறி இறங்கினாள். செக்கடிக் கிழவர், "வண்டியா? பாயில புரண்டாலே என் இடுப்பு ஊரைக் கூட்டுது தாயி" என்றார். பூக்காரம்மா, "நீ கிளப்பின புழுதி இன்னும் என் மல்லிகையில இருக்கு. ஓடிப் போயிடு!" என்றாள். பழைய படைவீரர் ஒருவர் மட்டும் ஆசையாகக் கேட்டார். ஆனால், "பாப்பா, எனக்கு அம்பத்தெட்டு" என்றார்.

கடைசியில் அவள் சபையின் குறும்புக்காரப் புலவர் கொன்றையனிடம் போனாள். அவர் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"அறுபது தாண்டணும். வாயால கேக்கணும். அவ்வளவுதானே?"

"அப்படி யாருமே இல்லை ஐயா!"

"இருக்காரு. நாளைக்கு வண்டியைப் பொட்டல் வாசல்ல நிறுத்தி வை." அவர் சிரித்த சிரிப்பில் பொரி பறந்தது.

மறுநாள் வியாழன். "மன்னா, விறகாக்கும் முன் அந்தப் பொட்டலை ஒரு தடவை பார்த்துவிடலாமே. பார்க்காமலே முடிவு செய்தார் என்று ஊர் பேசக் கூடாது பாருங்கள்" என்றார் கொன்றையன். மன்னர் கிளம்பினார். முதல் பாறையிலேயே அரச ரதம் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் தற்செயலாக, ரொம்பத் தற்செயலாக, நாச்சியின் வண்டி நின்றது. மன்னர் ஏறினார். பின்னால் ஓலைக்காரர் நக்கன் தொற்றிக்கொண்டார்.

அவர் ஏறித்தான் ஆக வேண்டும். அரண்மனைக்கு வெளியே மன்னர் பேசும் ஒவ்வொரு சொல்லையும் ஓலையில் பதிய வேண்டும். மறுநாள் காலை அதை அமைச்சர் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். அந்த நாட்டு வழக்கம் அது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வாசலில் முப்பது வண்டிகள். பக்கத்தில் கோடரியோடு ஓர் ஆள். விழுப்பரையர் குஷியாக ஓலையை விரித்தார்.

"'மெல்லப் போ, பெண்ணே.' 'மெல்ல என்றேனே!' 'ஐயோ.' 'ஐயையோ.' 'அம்மா!'" சபையைப் பெருமையாகப் பார்த்தார். "கேட்டீர்களா? எவ்வளவு ஆபத்து!"

"அடுத்த ஓலை" என்றார் கொன்றையன்.

அமைச்சரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "'அந்த மேட்டில் ஏற்று.' 'ஹோய்!' 'கிரீடம் விழுந்தால் விழட்டும், நீ ஓட்டு!' 'தள்ளிக்கொள் பெண்ணே, கயிற்றைக் கொடு. எனக்கு… எனக்கு வண்டி விட வேண்டும்!'"

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"கேட்டாகிவிட்டதே, அமைச்சரே" என்றார் கொன்றையன்.

விழுப்பரையர் துள்ளி எழுந்தார். "கேட்டவர் அறுபது தாண்டவில்லையே! நம் மன்னருக்கு நாற்பது! நாற்பது! நாற்பது!"

எல்லோரும் கொன்றையனைப் பார்த்தார்கள். அவரோ பவ்யமாகக் கைகட்டி, "ஆமாம், நாற்பதுதான். மறந்தே போனேன்" என்றார். நாச்சிக்கு முகம் செத்துவிட்டது.

"நாச்சி, மாட்டை அவிழ்த்துவிடும்மா," என்றார் கொன்றையன். " நேற்று மன்னர் பிடித்த கயிறு அது, பத்திரம். ஏப்பா கோடரி, அந்த வண்டியிலிருந்தே ஆரம்பி. மன்னா, வருத்தப்படாதீர்கள். தங்களுக்கு நாற்பதுதானே ஆகிறது? இன்னும் இருபது வருஷம் பொறுத்தால் தாங்களே வந்து கேட்கலாம்."

மன்னர் வாசலைப் பார்த்தார். கோடரி மேலே போனது.

"அறுபத்திரண்டு!"

கட்டியக்காரர் கையிலிருந்து சங்கு விழுந்து உருண்டது.

"ஆமாம், அறுபத்திரண்டு! போன ஆவணியோடு! நேற்றிலிருந்து இடுப்பு வேறு வலிக்கிறது! போதுமா? கோடரியைக் கீழே போடுடா!"

நாச்சியின் கூட்டம் போட்ட கூச்சலில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன. மன்னரும் வயிறு குலுங்கச் சிரித்தார். கள்ளிப் பொட்டல் அன்றே பொதுவானது. மோதிரத்தைக் கழற்றிக் கொன்றையன் கையில் திணித்தவர், சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு ஓலைக்காரரைக் கூப்பிட்டார்.

"நக்கா, இதையும் எழுது. பொட்டலில் எனக்கு அறுபத்திரண்டு. இந்தச் சபைக்குள் நாற்பது. மாற்றிச் சொல்கிறவர் என் வண்டியில் ஏற வேண்டும். நான்தான் ஓட்டுவேன்."

"நாற்பது! நாற்பது! நாற்பது!" என்றார் விழுப்பரையர்.