மயிலையின் நாக்கு

மாடுகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், செங்கரட்டு மலைக்கு முதன்முதலாக ஏறி வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் மாசாணன் மலையைக் குடைந்து கல்லெடுத்து, உலையில் இரும்பு காய்ச்சினான். தம்பி சடையன் பட்டி போட்டு மாடு மேய்த்தான். இன்று மலையில் இருக்கிற உலைக்காரர், பட்டிக்காரர் எல்லாரும் இந்த இருவர் வழி வந்தவர்கள்தான்.

சடையனின் மந்தைக்கு மயிலை என்ற சாம்பல் நிறப் பசு தலைமை. பொழுது சாயும்போது மலையில் பனி மூடும். முன்னே நடப்பவன் முதுகுகூடத் தெரியாது. அப்போது மயிலை உச்சியில் நின்று, "சடையா, இங்கதான் இருக்கோம், வா" என்று கூப்பிடும். அவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போய் மந்தையை ஓட்டி வருவான்.

அதைக் கேட்கும்போதெல்லாம் மாசாணனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை உலையில் போட்டிருந்தால் கரியே வேண்டியிருக்காது. இத்தனை வருஷமாகக் குடைகிறேனே, ஒரு கல்லாவது 'மாசாணா' என்று கூப்பிட்டதா? வெட்கத்தை விட்டு ஒருநாள் மயிலையிடமே கேட்டான்.

"என் பேரையும் ஒருதரம் கூப்பிடேன்."

"நீ எந்நேரமும் மண்ணுக்குள்ள கிடக்கிறவன். கூப்பிட்டா உனக்குக் கேக்கவா போகுது?" என்றது மயிலை, அசைபோட்டபடியே.

உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். மாசாணனுக்கும் எரிந்தது.

உலை மேட்டுக்குக் கீழே ஒரு உப்புமண் திட்டு இருந்தது. விடிந்ததும் மந்தை அதை நக்கிவிட்டுத்தான் மேயப் போகும். அதை மூடிவிட்டால் மாடுகள் வேறு மலைக்குப் போய்த் தொலையும், தம்பியும் பின்னாலேயே போவான், அந்தக் குரலும் காதில் விழாது என்று நினைத்தான். உலையில் கழித்துப்போட்ட கிட்டத்தை மண்வெட்டியால் தள்ளித் திட்டின்மேல் சரித்தான். இரும்பு பிரிந்தபின் மிஞ்சும் கசடுதான் கிட்டம். மேலே சாம்பல் பூத்து ஆறியதுபோல் இருக்கும். உள்ளே மூன்று நாளைக்கு நெருப்பு கிடக்கும். பிறந்ததிலிருந்து உலை ஊதுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குக் கை வைத்துப் பார்க்கப் பொறுமை இல்லை.

விடிந்ததும் வழக்கம்போல மயிலைதான் முதலில் வந்தது. தன் உப்பைத் தேடி நாக்கை நீட்டி ஒரே இழுப்பாக நக்கியது. அலறல் கேட்டு மாசாணன் ஓடி வருவதற்குள் மந்தை மலையில் சிதறிப்போயிருந்தது.

சாயங்காலம் பனி இறங்கியது. "மயிலே! ஏ மயிலே!" என்று கத்திக்கொண்டே சடையன் ஏறினான். மயிலையிடமிருந்தும், மிரண்டு சிதறிய மற்ற மாடுகளிடமிருந்தும் பதில் இல்லை. கண் தெரியாமல் அவன் வைத்த காலடியில் கல் ஒன்று சரிந்து பள்ளத்துக்குள் உருண்டது.

"நில்றா சடையா! பள்ளம்!" பின்னாலேயே வந்த மாசாணன் தம்பியின் தோளைப் பிடித்து இழுத்தான்.

"மயிலை ஏண்ணே கூப்பிடல?"

"நான்தான்டா அது வாயை அடைச்சேன். உன்னைக் கூப்பிடுதேன்னு எனக்குப் பொறுக்கல." செய்ததையெல்லாம் சொல்லி அழுதான்.

சடையன் அண்ணன் கையை உதறினான். "இனிமே யாருண்ணே என்னைக் கூப்பிடுவா?" என்று மட்டும் கேட்டான்.

மாசாணன் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல இரும்பை அடித்து ஒரு மணி செய்தான். பனி கலைந்ததும் தேடிப்போய் மயிலையின் கழுத்தில் கட்டினான். புண் ஆறியபோது அதன் நாக்கு அரம்போல இருந்தது, பேச்சு திரும்பவில்லை. அது ஈன்ற கன்றுகளுக்கும் அதே நாக்கு, அவற்றுக்கும் பேச்சு வரவில்லை. ஒருநாள் மயிலை தானாக வந்து மாசாணனின் கையை நக்கியது. "என்ன சொல்ற மயிலே?" என்றான். மணி மட்டும் அசைந்தது.

பசுவின் நாக்கு சொரசொரத்ததும், மலையேறும் மாட்டுக்கு மணி கட்டுவதும், செங்கரட்டில் அந்த மணியை உலைக்காரர் கைதான் கட்ட வேண்டும் என்பதும் அன்று முதல்தான். கட்டுகிற கையைப் பசு நக்கும். பேர் சொல்லிக் கூப்பிடுகிறதா, ஏசுகிறதா என்று உலைக்காரர் யாருக்கும் இன்றுவரை தெரியவில்லை.