எறும்புகள் ஏன் மீசை தொட்டு விசாரிக்கின்றன?

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எறும்புக்கு எத்தனை கால் என்று குனிந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஆறுதான். இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

அந்தக் காலத்தில் எறும்புகள் வாய்விட்டுப் பேசும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒருத்தி மஞ்சள், ஒருத்தி பச்சை, ஒருத்திக்கு முதுகெல்லாம் புள்ளி. சில்லாயி என்று ஒருத்தி இருந்தாள். எறும்புக்கு முகத்தில் இரண்டு மீசை நீட்டிக்கொண்டிருக்குமே, அவளுக்கு அது இரண்டும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். மழை வரப்போகிறது என்றால் அந்த வளைவில் குறுகுறுக்கும். அவள் "மழை!" என்றதும் எல்லோரும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள்.

அவர்களுக்குத் தலைவி செங்கமலம். எதற்கெடுத்தாலும் பதறுவாள். ஒருநாள் சுவரில் இருந்த பல்லி, "என்னடி இது, வரிசையா, இல்லை கொடியில் காயப்போட்ட கந்தலா?" என்று சிரித்தது.

செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்புக்கரியையும் வேப்பம்பிசினையும் ஒரு கொட்டாங்கச்சியில் குழைத்து வைத்தாள்.

"எல்லோரும் இறங்கி முங்குங்கள். இனிமேல் ஒரே நிறம்!"

"அக்கா, எனக்குத் தும்மல் வரும்."

"தும்மிவிட்டு இறங்கு! அடியே சில்லாயி, அந்த மீசையை நிமிர்த்து. இனி வளைந்த மீசையைக் கண்டால் ஒடித்துப் போட்டுவிடுவேன்."

பிசினில் சில்லாயியின் மீசை ஈர்க்குச்சி போல நிமிர்ந்து ஒட்டிக்கொண்டது; குறுகுறுப்பும் நின்றுபோனது. எல்லோரும் ஒரே கறுப்பு. செங்கமலம் தன் தங்கை என்று நினைத்து வேறு யாரையோ கொஞ்சினாள். ஒருத்தி தன்னையே காணோம் என்று தேடி அலைந்தாள்.

மூன்றாம் நாள் வானம் இருண்டது. புற்றின் அடியில் முந்நூறு முட்டைகள். மழை என்றால் உள்ளேயே மூழ்கிவிடும். வெளியே எடுத்துவைத்து, மேகம் சும்மா கலைந்து போனால் வெயிலில் வெந்துவிடும்.

"சில்லாயி! எங்கேடி இருக்கிறாய்?"

சில்லாயி வரிசைக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். மீசையை ஒடிப்பேன் என்று சொன்னவளிடம் எவள் வந்து நிற்பாள்?

கண்ணால் பார்த்துப் பயனில்லை. செங்கமலம் வரிசையின் நுனியிலிருந்து ஒவ்வொருத்தி மீசையையும் தன் மீசையால் தடவிக்கொண்டே வந்தாள்.

"நீயா?"

"நான் பச்சையாக இருந்தவள், அக்கா."

"நீயா?"

"ஐயோ, கூசுகிறது, விடுங்கள்!"

நாற்பதாவது ஆளின் பிசினுக்கு அடியில் பழைய வளைவின் மேடு தட்டுப்பட்டது. அந்த ஆள் மீசையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒடிக்காதீர்கள், அக்கா."

"உன்னுடையதை ஏனடி ஒடிக்கிறேன்? ஒடிக்க வேண்டியது என் வாயை!" என்று செங்கமலம் பிசினை நக்கியே எடுத்தாள். மீசை வெடுக்கென்று சுருண்டது.

"மழைதான்! ஓடுங்கள்!" என்று கத்தினாள் சில்லாயி.

கடைசி முட்டை மேட்டில் ஏறவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

கரி மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இன்னொரு முறை இப்படி ஆகிவிட்டால்? செங்கமலம் பயந்துபோய் உத்தரவு போட்டாள்: "எதிரில் எவள் வந்தாலும் நின்று, மீசையைத் தொட்டு, நீ யார், உனக்கு என்ன தெரியும் என்று கேட்காமல் தாண்டக் கூடாது." தானும் நாலடிக்கு ஒருமுறை நின்று கேட்டாள்.

அன்றைக்குத் தொற்றிய பழக்கம்தான், எவ்வளவு அவசரமாகப் போனாலும் கறுப்பு எறும்பு எதிரே வருகிறவளை மீசை தொட்டு விசாரித்துவிட்டே போகிறது.