ஓலையில் இருந்த ஆட்டக்காரர்கள்

மருதூர் மன்னர் வீரகண்டருக்குக் காற்பந்து என்றால் உயிர். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுத்தர மல்லப்பர் என்ற ஆசானை வைத்தார். ஆசானுக்கோ ஆட்டத்தைவிட வசூல்தான் நன்றாக வந்தது. மழைக்கு ஒரு செருப்பு, வெயிலுக்கு ஒரு செருப்பு. இரண்டையும் தைப்பவர் அவருடைய மச்சான். வெளியூர் போய் ஆடினால்தான் கால் பழகும் என்று மாதம் ஒரு பயணம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனிதனைக் கடித்த கதையாக, எல்லாம் பெற்றவர்கள் தலையில் விடிந்தது. யாராவது முறையிட்டால், "ஆசான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மன்னர் முடித்துவிடுவார்.

ஒருநாள் அமைச்சர் தாண்டவராயர் வண்டிப்பேட்டைப் பக்கம் போனார். வண்டிக்காரி பேச்சியம்மை ஒற்றை மாட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு மாடு எங்கே அம்மா?"

"அதை வித்துத்தான் சாமி ஆசானுக்குப் போன கட்டணம் கட்டினேன். நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அடுத்தது கட்டணுமாம். இல்லாட்டி ஆட்டக்காரவுக ஓலையில எம்பேரை அடிச்சிருவாராம். எம்மவன் சுடலை கால்ல பந்து ஒட்டிக்கிட்டே ஓடும் சாமி. அவனை எப்பிடி நிறுத்துறது? இந்த மாட்டையும் வித்துட்டா என்னத்தைத் திங்கிறது?"

"உன் பேரையா அடிப்பார்? மகன் பேரை இல்லையா?"

"காசு கட்டுறவுக பேரைத்தான சாமி ஆசான் எழுதுவாரு?"

தாண்டவராயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டை விற்காதே. நாளைக்குச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வா" என்றார்.

மறுநாள் ஆட்டம் பார்க்க அண்டை நாட்டு மன்னரும் தம் நாட்டு அணியோடு வந்திருந்தார். மன்னர்கள் பார்க்கும் ஆட்டமென்றால் ஆட்டக்காரர் ஓலையை அமைச்சர் உரக்கப் படிக்க வேண்டும். பெயர் வந்தவர் மட்டுமே களம் இறங்கலாம். அதுதான் வழக்கம். மருதூர்ப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட ஆட்டம் அதுவே முதல். மல்லப்பர் பெருமையோடு ஓலையை நீட்டினார்.

"அரிசி மண்டி அம்பலவாணர்!"

அமைச்சர் கூப்பிட்டால் போகாமல் முடியுமா? தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார்.

"வைத்தியர் ஏகாம்பரம்!"

மூட்டுவலிக்காரர் தடியூன்றி வந்தார்.

"வண்டிக்காரி பேச்சியம்மை!"

அவள் விறுவிறுவென்று வந்து நடுக்களத்தில் நின்றாள். எதிரணிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீரகண்டர் முகம் சிவந்தது.

"என்ன கூத்து இது? பிள்ளைகள் எங்கே?"

"ஓலையில் ஒரு பிள்ளைகூட இல்லை, மன்னா. ஆசான் கண்ணுக்குப் பணம் கட்டியவர்கள்தான் தெரிந்திருக்கிறார்கள்."

"ஐயோ, இவர்களுக்குப் பந்தை உதைக்கவே தெரியாதே!" என்று அலறினார் மல்லப்பர்.

"தெரியாதுதான். மூன்று வருடமாக உங்களிடம் உதை வாங்கித்தானே பழக்கம்? இந்த அம்மா வண்டிமாட்டை விற்று வாங்கியிருக்கிறாள்."

மன்னர் ஓலையை வாங்கிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். இனி எந்த வீட்டிலும் ஒரு காசு வாங்கக்கூடாது. ஆட்டச் செலவு முழுவதும் என்னுடையது. விற்ற மாட்டையும் நானே மீட்டுத் தருகிறேன்" என்றார். பேச்சியம்மை நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். அன்று மருதூர்தான் ஜெயித்தது. சுடலை மட்டும் இரண்டு கோல் போட்டான்.

ஆட்டம் முடிந்ததும் தாண்டவராயர் மன்னரின் காதருகே குனிந்தார்.

"மன்னா, நாளை முதல் தினமும் கொஞ்சம் ஓடிப் பழகுங்கள்."

"நான் ஏன் ஓட வேண்டும்?"

"இனிமேல் பணம் கட்டுவது நீங்கள்தானே? ஆசான் அடுத்த ஓலையில் உங்கள் பெயரை மட்டும்தான் எழுதுவார்!"