உவர்நாட்டு அரசி வந்த நாள்

வெகு காலத்துக்கு முன்னே, கடலைப் பார்த்தபடி கிடந்த மணவூர் நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனை யானைமேல் ஏற்றுவார். மத்தியானம் அதே ஆளை இறங்கி நடக்கச் சொல்வார். அப்படியொரு மனசு அவருக்கு. ஆனால் பாட்டு, கூத்து என்றால் உயிரையே விடுவார். மேடை போடவும் உடை தைக்கவும், ஆட்டக்காரர்கள் வயிறு காயாமல் ஒத்திகை பார்க்கவும் ஆண்டுதோறும் கலைக்கொடை வழங்குவார்.

அந்தக் கொடை யாருக்கு என்று சொல்வது ஆதித்தராயர் என்ற பிரபுவின் வேலை. அவர் கண்ணுக்குத் தம் மைத்துனர் குழுவும் மருமகன் குழுவும் தவிர வேறு குழு எதுவும் தட்டுப்பட்டதே இல்லை.

அந்த நாட்டின் உப்பளத்தில் முத்திருளாயி என்றொருத்தி இருந்தாள். பகலெல்லாம் உப்பு வாருவாள். வேலை முடிந்தால் கூத்துக் கட்டுவாள். ஆடுகிறவர், பாடுகிறவர், மத்தளம் தட்டுகிறவர் எல்லாரும் அளத்து ஆட்கள்தான். அவள் ராணி வேஷம் கட்டினால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடும். அவள் போய் ஆதித்தராயர் வாசலில் நின்று கொடை கேட்டாள்.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அளத்து ஆட்களுக்கு எதற்குக் கலை? போ, போய் உப்பை வாரு."

முத்திருளாயி அழவில்லை. நேரே அமைச்சர் குமரவேளார் வீட்டுக்குப் போனாள். "ஐயா, எங்க ஆட்டத்தைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். பாக்காமலே சொன்னா எப்படி?" என்று கேட்டாள்.

மறுநாள் அமைச்சர் சபையில் பேச்சைத் தொடங்கினார். "ராயரே, கொடை பெற என்ன தகுதி?"

"அரசவையில் ஆடியிருக்க வேண்டும்."

"அரசவையில் ஆட என்ன தகுதி?"

"கொடை பெற்றிருக்க வேண்டும்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்படியென்றால் புதிதாக ஓர் ஈ கூட நுழைய முடியாதே!"

"அதுதான் மன்னா, சபையின் மேன்மை!" என்றார் ராயர். "உப்பளத்துக் கூட்டமெல்லாம் கொடை கேட்கிறது. சபையில் நிற்கத் தெரியுமா? நாலு வார்த்தை நல்ல தமிழ் பேசத் தெரியுமா?"

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சரி, ஒரு பந்தயம். அந்தக் குழு இந்தச் சபையில் ஆட வேண்டும். ராயர் தம் வாயாலேயே மெச்ச வேண்டும். நடந்தால் கொடை அவர்களுக்கு. நடக்காவிட்டால் அந்தக் குழு இனி என் நாட்டில் மத்தளம் தொடக்கூடாது!"

ராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். கோட்டை வாசல் காவலர்கள் அவருடைய ஆட்கள். உப்பு வாருகிறவளை உள்ளே விடுவார்களா?

சில நாள் கழித்து வாசலில் ஒரு பல்லக்கு வந்து இறங்கியது. முன்னால் வந்தவன், "உவர்நாட்டு அரசி வருகிறார்!" என்று கூவினான். ராயர் அடித்துப் பிடித்து ஓடினார். "உவர்நாடா! என் பாட்டனார் காலத்திலிருந்தே நமக்கு நட்பு நாடாயிற்றே!" என்று கும்பிட்டு, தாமே வழிகாட்டிச் சபைக்குள் அழைத்து வந்தார்.

அரசி நிமிர்ந்து நடந்து வந்தாள். "தங்கள் நாடு எப்படிப்பட்டது?" என்று ராஜா கேட்டார்.

"வெள்ளை மலைகள் நிறைந்த நாடு, மன்னா. நாங்கள் ஒருநாள் கை கட்டி நின்றால் உங்கள் அரண்மனைச் சமையல் வாயில் வைக்க விளங்காது. எங்கள் பெண்கள் கண் கூசும் வெயிலில், பாதம் வெடித்து நடப்பவர்கள். ஆனாலும் பொழுது சாய்ந்தால் பாடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டால் அலைகூட மெதுவாக வருவதுபோல இருக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பாட்டில் ஓர் அடி பாடினாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராயருக்குத் தாங்கவில்லை. "ஆகா! என்ன நடை, என்ன தமிழ்! மன்னா, கொடை கொடுத்தால் இப்படிப்பட்ட கலைக்கல்லவா கொடுக்க வேண்டும்!" என்றார்.

அரசி மெல்லக் கிரீடத்தைக் கழற்றினாள். "மன்னா, கூத்து முடிந்தது. நான் அளத்து முத்திருளாயி. பல்லக்கைத் தூக்கி வந்தவர்கள் என் குழு. பட்டும் பல்லக்கும் அமைச்சர் வீட்டு இரவல். மற்றதெல்லாம் எங்களுடையது."

ராஜா வாளில் கை வைத்து எழுந்தார். "என்னையா ஏமாற்றினாய்?"

அவள் அசையவில்லை. "நான் சொன்னதில் எது பொய், மன்னா? உவர் என்றால் உப்புதானே? உப்புக் குவியல் வெள்ளை மலை இல்லையா? உப்பில்லாமல் உங்கள் சமையல் உண்டா? எங்கள் கூத்தில் நான் அரசிதான்." பிறகு ராயரைப் பார்த்தாள். "உங்க வாசல்ல வந்து நின்னவளும் நான்தான் ஐயா. அன்னைக்கு முகத்தைப் பாத்திருந்தா இன்னைக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும்."

ராயர் முகம் வெளுத்தது. ராஜா ஒரு கணம் முறைத்தார். அடுத்த கணம் விழுந்து விழுந்து சிரித்தார். "கொடை உனக்கே! இந்த ராயரைக் கழுதைமேல் ஏற்றி ஊர் சுற்ற விடட்டுமா?"

"வேண்டாம் மன்னா. அவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் எனக்கும் ஓர் ஆசனம் போடுங்கள். இனி எந்தக் குழுவையும் ஆட்டம் பார்க்காமல் திருப்பி அனுப்பக்கூடாது."

ராஜா அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தலையசைத்தார். ஆசனம் வந்தது.

அடுத்த கொடை நாளன்று வலைக்காரர்கள் வந்தார்கள், குயவர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், மலையிலிருந்து குழலூதுகிறவர்கள் வந்தார்கள். கடைசியாக ராயரின் மருமகன் குழு தயங்கித் தயங்கி வந்து ஆடியது. ராயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திருளாயி ஆட்டம் முடியும்வரை கண் எடுக்காமல் பார்த்தாள்.

"நல்லா ஆடுறாங்க. இவங்களுக்கும் குடுங்க," என்றாள்.

அன்றுதான் ஆதித்தராயர் முதல்முறையாக, வேஷம் கட்டாத அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.