சிவப்பும் பச்சையும் சின்னமாயனும்

கொடைக்கானலுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். முதலாளி கனகசபாபதியின் சொல்லை அவர்கள் ஒருநாளும் மீறியதில்லை. தொந்தரவே அதுதான்.

முதலாளியிடம் இங்கிலாந்துக் கார்கள் இரண்டு இருந்தன. சிவப்பு எம்.ஜி., பச்சை டிரையம்ப். இரண்டும் கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று ஆறு மாதமாக அவருக்குத் தூக்கமில்லை. கண் ஆபரேஷனுக்கு மதுரை புறப்பட்டபோது சொன்னார்:

“ரெண்டையும் ஓட்டிப் பாத்துருங்க. ரெண்டுக்கும் அதே பாதை, அதே காலை ஏழு மணி, அதே டிரைவர். அப்பத்தான் நியாயம். கடைசியா வர்றதை, விலை பேசியிருக்கிற கோயமுத்தூர்க்காரர் வந்ததும் குடுத்து அனுப்பிருங்க.”

மேஸ்திரி அந்தோணிராஜ் யோசித்தார். “காலை ஏழு மணி ஒண்ணுதான் இருக்கு. டிரைவரும் ஒருத்தர்தான்.”

“அப்ப ரெண்டு காரையும் சேத்துக் கட்டிருவோம்,” என்றார் சமையல்காரர் பொன்னம்பலம்.

கட்டினார்கள். நடுவில் பலகை போட்டு டிரைவர் சின்னமாயனை உட்கார வைத்தார்கள். சிவப்பின் ஸ்டியரிங் கைக்கு எட்டியது. பச்சையின் ஸ்டியரிங் அந்தக் கோடியில் இருந்தது.

“பச்சையைத் திருப்பி நிறுத்துங்க. ஸ்டியரிங் இந்தப் பக்கம் வந்துரும்,” என்றார் மேஸ்திரி.

“திருப்பினா பின்னாலல்ல போகும்?” என்று கேட்டார் சின்னமாயன்.

“இறக்கத்துல முன்னால என்ன, பின்னால என்ன. எல்லாம் கீழதான் போகும்.”

பச்சையைத் திருப்பிக் கட்டினார்கள்.

சரியாக ஏழு மணிக்குச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுத்தார்கள். இறக்கம் என்பதால் இன்ஜினைத் தொந்தரவு செய்யவில்லை. பாதி வழியில், பாதைக்கு நடுவே ஒரு தைலமரம். பாரபட்சம் பார்க்காத சின்னமாயன் எந்தப் பக்கமும் ஒடிக்கவில்லை. சிவப்பு மரத்துக்கு இந்தப் பக்கம் போனது, பச்சை அந்தப் பக்கம் போனது, கயிறு அறுந்தது. கீழே கேரட் தோட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் போய் இறங்கின. மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த சின்னமாயன் நொண்டிக்கொண்டு வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று.

கார்களுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்த மேஸ்திரி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ரெண்டும் ஒண்ணா வந்துருச்சு. நீங்கதான் கடைசி.”

சின்னமாயன் சட்டையில் ஒட்டியிருந்த மரப்பட்டையைத் தட்டிவிட்டார். “முப்பது வருஷத்துல நான் பிந்தினதே இல்ல. சரி, முதலாளி சொல்லிட்டாரு.”

மறுநாள் கோயமுத்தூர்க்காரர் வந்தபோது, தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனப் பொட்டிட்டு, மாலை போட்டுச் சின்னமாயனை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

“வண்டி எங்கீங்க?” என்று கேட்டார் அவர்.

“இதாங்க,” என்றார் மேஸ்திரி.

பொன்னம்பலம் குனிந்து, சின்னமாயனின் காலுக்கொன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்.

“மெதுவா முன்னால எடுங்க.”

சின்னமாயன் இரண்டையும் நசுக்கிக்கொண்டு புறப்பட்டார்.