ஆறாவது நோன்பும் நெய்ச்சோறும்

பெண்கள் கூடி ஓதும் தைக்காவில் அன்றைய பாடம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு, மர்ளியா ஒரு மஸ்அலா கேட்டார். மார்க்கத்தில் எது கூடும், எது கூடாது என்று தெளிவு கேட்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

"ஆலிமா, ஆறு நோம்பு பிடிச்சிருக்கிற ஒருத்தி கல்யாண வீட்டுக்குப் போனா, சாப்பிட்டுத்தான் ஆகணுமா?"

கேட்டவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பதில் சொல்ல வேண்டிய, மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் ரைஹானா ஆலிமாவுக்கு நாற்பதுகூட முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக மர்ளியா அவரிடம்தான் ஓதுகிறார். ஆலிமா அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவதோடு சரி, வயதை இருவருமே ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

"ஆகணும்னு இல்ல ராத்தா. கூப்பிட்டா போகணும். நோம்பா இருந்தா, வீட்டுக்காரஹளுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுட்டு வரலாம்."

"கை நனைக்காம வந்தா குத்தமில்லையே?"

"குத்தமில்ல. சுன்னத்தான நோம்புதானே, கடமையான நோம்பில்லையே. விடணும்னு தோணுனா விடவும் செய்யலாம். இன்னொரு நாள் பிடிச்சுக்கலாம்."

"விடலாம்ங்கிறது வேற. விட்டே ஆகணும்னு இல்லல்ல?"

"இல்ல."

மர்ளியாவின் முகம் தெளிந்தது. வந்த வேலை முடிந்த ஆள் மாதிரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"யார் வீட்டுக் கல்யாணம்?" என்று ஆலிமா கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

"ஜுவைரியா மகளுக்கு. நாளைக்குப் பகல்."

"நாளைக்கு விட்டுட்டு மறுநாள் பிடிச்சா?"

"வரிசை கெட்டுப்போகும் ஆலிமா."

"நேத்து நீங்க பிடிக்கலியே."

"நேத்து வீட்டுக்கு ஆள் வந்துட்டாஹ."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் தலைவலி."

ஆலிமா கிதாபை மூடி உறைக்குள் வைத்தார்.

"நானும் நாளைக்கு அங்கதான் வர்றேன். விருந்துல ஒரே சஹன்ல உக்காருவோம், ராத்தா."

ஆறு நோன்பைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரமலான் முடிந்து, பெருநாளும் கழிந்த பிறகு, ஷவ்வால் மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிடிக்கும் நோன்பு அது. தொடர்ந்தும் பிடிக்கலாம், விட்டு விட்டும் பிடிக்கலாம். எங்கள் ஊரில் கல்யாணங்களும் பெரும்பாலும் அதே மாதத்தில்தான் வரும். நோன்பும் விருந்தும் மோதிக்கொள்வது வருடா வருடம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கல்யாண நாளை விட்டுவிட்டு வேறு நாளில் பிடித்துக்கொள்வார்கள். இதற்கென்று யாரும் தைக்காவுக்கு வந்து மஸ்அலா கேட்பதில்லை. மர்ளியா ஏன் கேட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

மர்ளியாவும் ஜுவைரியாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருத்தி கல்யாணத்துக்கு இன்னொருத்தி மருதாணி இட்டவள். ஒரு வீட்டில் இனிப்புக்கு வட்டலப்பம் அவித்தால் மறு வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகாமல் இருந்ததில்லை. ஐம்பது வருடம் அப்படி ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மர்ளியாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது, அத்தோடு நின்றது.

கல்யாணம் என்றால் பெண்கள் வீடு வீடாகப் போய் நேரில் சொல்ல வேண்டும். மர்ளியாவும் நூற்றுச் சொச்சம் வீடு ஏறி இறங்கினார். கடைசியில் கால் வீங்கிவிட்டது. ஜுவைரியாதானே, நம்ம ஆள்தானே என்று போனில் கார்டை அனுப்பிவிட்டார். அந்தக் கார்டுக்குக் கீழே ஒரு ரோஜாப்பூ படமும் அனுப்பினார். அதை ஜுவைரியா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஜுவைரியா வராமல் இருக்கவில்லை. வந்தார். மணப்பெண்ணின் நெற்றியில் முத்தமிட்டு துஆ செய்தார். சாப்பிட உட்காரச் சொன்னபோது, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்காகச் சோறு பரப்பி வைத்த சஹன் அப்படியே உள்ளே திரும்பிப் போனதை மர்ளியா வாசற்படியில் நின்று பார்த்தார். மகளை வழியனுப்பும்போது வராத அழுகை அப்போது வந்தது.

அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் ஸலாம் சொல்வார்கள், பதிலும் சொல்வார்கள். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் அதை மட்டும் விடவில்லை.

இப்போது ஜுவைரியா மகளுக்குக் கல்யாணம். அவர் போனில் அனுப்பவில்லை. பெருநாளைக்கு முன்பே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். கொடுத்த தேத்தண்ணீரை மிச்சமில்லாமல் குடித்தார்.

"மர்ளியா, நீ வந்து சாப்பிடணும்" என்றார்.

"வர்றேன்" என்றார் மர்ளியா.

மர்ளியா பொய் சொல்கிற ஆள் இல்லை. வருகிறேன் என்றுதான் சொன்னார், சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. போக வேண்டும், உட்கார வேண்டும், கை நனைக்காமல் எழுந்து வர வேண்டும். ஜுவைரியா வாசற்படியில் நின்று அதைப் பார்க்க வேண்டும். யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி அதற்கு ஒரு வழி தேடினார். நோன்பு கிடைத்தது.

ஒரு வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடாமல் போனால் கோபம் என்று ஊர் விட்டுவிடும். பதிலுக்குப் பதிலாக இன்னொரு வீட்டிலும் நடந்துவிட்டால் அப்புறம் அதைச் சரிசெய்ய ஆள் கிடையாது. பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் அந்த வாசலைத் தாண்டிப் போவார்கள், ஏறமாட்டார்கள். அப்படி நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு.

மறுநாள் பகல், ஆண்களுக்குப் பள்ளிவாசல் பக்கத்துப் பந்தலிலும் பெண்களுக்கு வீட்டிலும் விருந்து. கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பெண்கள் பக்கம் சஹனுக்கு மூன்று பேர். சஹன் என்பது பெரிய அகலத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு, அதன்மேல் கறி, ஓரத்தில் கத்திரிக்காய். மூன்று பேரும் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். மூன்று பேரும் உட்காராமல் முதல் கை வைக்கக் கூடாது, மூன்று பேரும் முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினவரை மறந்ததும் இல்லை.

மர்ளியா உட்கார்ந்தார். ஆலிமா அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்துக்கு ரோஸ்லின் வந்தார். பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மர்ளியாவோடும் ஜுவைரியாவோடும் அதே பள்ளியில் படித்தவர். அந்த பெஞ்சில் மூன்றாவதாக இருந்தவர் அவர்தான்.

"நல்லவேளை, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்ல" என்றபடி ரோஸ்லின் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "வெள்ளின்னா எனக்குக் கறி கிடையாது. நெய்ச்சோத்தைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பேன்."

கை கழுவச் சட்டியும் செம்பும் வந்தன. ரோஸ்லின் கழுவினார். மர்ளியா, வேண்டாம் என்று தலையசைத்து சட்டியை ஆலிமா பக்கம் தள்ளினார். ஆலிமாவுக்கும் தேவைப்படாது என்று அவருக்குத் தெரியும். பெருநாளுக்கு மறுநாளே தொடங்கி ஆறையும் ஒரே மூச்சில் முடிப்பது ஆலிமாவின் வழக்கம். பதினைந்து வயதிலிருந்து ஒரு வருடம்கூட அது தவறியதில்லை. இன்றைக்கு அவருக்கு ஆறாவது.

ஆலிமா கையைக் கழுவினார்.

சஹன் வந்தது. கூடத்தின் மறுகோடியில், அடுப்படிக் கதவோரம் ஜுவைரியா நின்றார். கல்யாண வீட்டுக்காரிக்கு ஆயிரம் வேலை. இருந்தாலும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஆலிமா தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார். ஒரு கவளம் எடுத்தார். மென்றார். விழுங்கினார்.

மர்ளியா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"ஆலிமா! நோம்பில்லையா?"

"காலையில இருந்தேன்."

"இன்னைக்கு ஆறாவதாச்சே!"

"ஆமா."

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன். கறி பதமா வெந்திருக்கு."

ரோஸ்லின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை சோற்றுக்கு மேலே பாதியில் நின்றது.

"ஏ மர்ளியா, நீயும் கை வை. நீ வைக்காம நான் எப்படி வைக்க?"

"எனக்கு நோம்பு, ரோஸ்லி. நீ சாப்பிடு."

"உனக்கு நோம்புன்னா இங்க எதுக்கு உக்கார்ந்த? அந்தப் பக்கம் நாற்காலி கிடக்கே."

மர்ளியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ரோஸ்லின் ஐம்பது வருடப் பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அடுப்படிக் கதவைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ சண்டையைத் தீர்த்து வைத்தவர். இதில் தலையிடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க டீச்சர்" என்றார் ஆலிமா. "உங்களைத் தனியா சாப்பிட விடக் கூடாதுன்னுதான் நான் நோம்பை விட்டேன்."

"ஐயோ, எனக்காகவா?"

"ஒரு சஹன்ல ஒரே ஒரு ஆள் சாப்பிட்டா பார்க்க நல்லாவா இருக்கும்?"

ரோஸ்லின் சாப்பிடத் தொடங்கினார். ஆலிமா கறியைப் பிரித்தார். ஒரு பங்கு ரோஸ்லின் பக்கம், ஒரு பங்கு தன் பக்கம், ஒரு பங்கு மர்ளியா பக்கம். நல்ல எலும்புத் துண்டு மர்ளியா பக்கம் போயிற்று. மர்ளியா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சுற்றிலும் பேச்சும் சிரிப்பும். பக்கத்து சஹனில் சோறு போதவில்லை என்று குரல் கொடுத்தார்கள். எதிர்த்த சஹனில் ஒரு அம்மா இவர்கள் பக்கம் பார்த்துவிட்டு, அடுத்தவர் காதில் ஏதோ சொன்னார். இப்படி ஆகும் என்று மர்ளியா நேற்றே நினைத்துப் பார்த்திருந்தார். நினைத்தபோது நன்றாக இருந்தது. இப்போது அந்த அம்மாவின் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"ஆலிமா" என்றார் மெதுவாக. "நான் செய்யறது கிதாபுப்படி சரிதானே?"

"சரிதான் ராத்தா."

"வந்தவுடனே துஆ செஞ்சேன்."

"கேட்டேன். நானும் ஆமீன் சொன்னேன்."

"கை நனைக்காம எந்திரிச்சா குத்தமில்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

"இப்பவும் அதையேதான் சொல்றேன்."

"அப்ப நீங்க மட்டும் ஏன் விட்டீங்க? இத்தனை வருஷத்துல ஒருக்காகூட விட்டதில்லையே."

"ஷவ்வால் முடிய இன்னும் மூணு வாரம் கிடக்கு. என்னைக்காவது ஒரு நாள் பிடிச்சிட்டுப் போறேன்."

ஆலிமா இன்னொரு கவளம் எடுத்தார். அவருடைய குரலிலோ முகத்திலோ கண்டிப்பு எதுவும் இல்லை. அதுதான் மர்ளியாவைப் படுத்தியது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கார்டு அனுப்பியதையும் கால் வீங்கியதையும் சஹன் திரும்பிப் போனதையும் எடுத்துச் சொல்லி அழுதுகூட இருக்கலாம். எதற்கும் ஆலிமா இடம் கொடுக்கவில்லை.

அடுப்படிக் கதவு திறந்தது. வட்டலப்பத்தின் ஏலக்காய் மணம் கூடம் முழுக்கப் பரவியது. வேறு யாரிடமும் கொடுக்காமல், வட்டலப்பத் தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு, வரிசையில் முதலில் இருந்த சஹன்களையெல்லாம் தாண்டி, ஜுவைரியா நேராக இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

மர்ளியா அதைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் பக்கத்து நெய்ச்சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரி என்று ஆலிமா சொல்லிவிட்டார். ஆனாலும் நெஞ்சில் என்னவோ உறுத்தியது. கடைசியாக ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள நினைத்தார்.

"ஆலிமா, என்னோட இந்த நோம்பு கபூலாகுமா? ஏத்துக்கிடப்படுமா?"

ஆலிமா கையில் இருந்த கவளத்தைச் சஹனிலேயே வைத்தார்.

"யாருக்காகப் பிடிச்சீங்களோ, அவஹகிட்டதான் அதைக் கேக்கணும் ராத்தா. அதோ, வட்டலப்பத்தைத் தூக்கிக்கிட்டு வர்றாஹ. கேளுங்க."