மோட்டார் வண்டிக்கு வாங்கிய அசல் சீல்

மேற்கே மலையும் கிழக்கே ஏரியுமாகக் கிடந்த செங்கோடைச் சமஸ்தானத்துக்கு முதன்முதலாக மோட்டார் வண்டி வந்து இறங்கிய வருஷத்தில் நடந்தது இது. ராஜா பூபதிரங்கருக்கு அந்தப் பச்சை வண்டி என்றால் உயிர். ஒரு நாள் ராணியை ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குக் கிளம்பினார். மூன்றாவது வளைவில் வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போயிருந்தது. ராணியம்மாள் பட்டுப்புடவையோடு விறகு வண்டியில் ஏறி அரண்மனைக்குத் திரும்பினார். வழி நெடுக ராஜாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"டிரைவர் அந்தோணியை வேலையை விட்டு அனுப்புங்கள்" என்றார்.

அரண்மனைக் கடிதங்களை எழுதுகிற ராயசம் கோமதிநாயகம் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். அந்தோணி எப்படிப்பட்ட வேலைக்காரன் என்று அவருக்குத் தெரியும். நேரே வண்டிக் கொட்டகைக்குப் போனார். அந்தோணி முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தான்.

"தண்ணீர் பம்ப்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்குங்க அய்யா. சீல்னு சொல்லுவோம். அதுதான் தண்ணியை வெளியே விடாமப் பிடிச்சு வைக்கும். பழசு தேஞ்சுபோச்சுன்னு புதுசு கேட்டேன். உக்கிராணத்துக்காரர் இதைக் கொடுத்தார். மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன். சூடு ஏறினா அப்பளம் மாதிரி உப்பிப்போகுது."

கோமதிநாயகம் வளையத்தை வாங்கிப் பார்த்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. விரலால் அழுத்தினார். பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது.

"கம்பெனிச் சரக்கு இல்லையா இது?"

"சந்தையில யாரோ அறுத்துக் கொடுத்ததுங்க. நான் சொன்னா யார் கேட்கிறாங்க?"

உக்கிராணம் தாண்டவராயன் அரண்மனைக்குச் சாமான் வாங்குகிறவர். டிரைவர் வேலைக்குத் தன் மைத்துனனைக் கொண்டுவர வண்டி வந்த நாள் முதலாக நூல் விட்டுக்கொண்டிருந்தார். கோமதிநாயகத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. வளையத்தை மடியில் முடிந்துகொண்டார்.

அவர் போய்ச் சொன்னதும் ராஜா தாண்டவராயனைக் கூப்பிட்டுக் கேட்டார். தாண்டவராயன் பதறவே இல்லை. "சுத்தமான அசல் சீல், மகாராஜா. உக்கிராணக் கணக்கில் அசல் என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறேன். மாட்டத் தெரியாதவன் சரக்கைக் குறை சொல்கிறான்" என்றார்.

அவர் போன பிறகு ராஜா ராயசத்தைப் பார்த்தார். "நீர் போலி என்கிறீர், அவர் அசல் என்கிறார். எனக்கு ரப்பரைப் பற்றி என்ன தெரியும்? நாளைக்குச் சபையில் தாண்டவராயனே தன் வாயால் அது போலி என்று சொல்லட்டும், நம்புகிறேன். இல்லாவிட்டால் அந்தோணி மூட்டை கட்ட வேண்டியதுதான்."

திருடனே சாட்சி சொல்ல வேண்டும் என்கிற கதைதான். கோமதிநாயகம் வீட்டுக்கு வந்து இரண்டு வெற்றிலை போட்டார். மூன்றாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போதே எழுந்து, மைக்கூட்டைத் தேடினார்.

மறுநாள் சபை கூடியதும் அவர் ஒரு தாளை எடுத்து உரக்க வாசித்தார். "உக்கிராணம் தாண்டவராயன் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அந்த வேலை டிரைவர் அந்தோணிக்குக் கொடுக்கப்படுகிறது. அசல் சீல் வைத்து உறுதி செய்யப்பட்டது."

ராஜாவின் புருவம் உயர்ந்தது. தாண்டவராயன் ஓடிவந்து தாளைப் பிடுங்கினார். அடியில் சிவப்பு மையில் ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"மகாராஜா, இது அசல் சீல் இல்லை."

"நன்றாகப் பாரும். வட்டமாகத்தானே இருக்கிறது?" என்றார் கோமதிநாயகம்.

"வட்டமாக இருந்தால் ஆயிற்றா? இருபது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? இது போலி. கண் இருக்கிறவன் எவனும் இதை அசல் என்று சொல்ல மாட்டான்."

"சபையோர் கேட்டீர்கள்" என்று சொல்லி, கோமதிநாயகம் மடியிலிருந்து சிவப்பு மை அப்பிய ரப்பர் வளையத்தை எடுத்து ராஜாவின் முன் வைத்தார். "அந்தத் தாளில் நான் குத்தியது இந்தச் சீலைத்தான். அசல் என்று இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீல்."

சபையில் சிரிப்பு கிளம்பியது. தாண்டவராயன் சுதாரித்துக்கொண்டார். "நான் சொன்னது அரண்மனை முத்திரையை. வண்டிக்கு இது அசல்தான்."

"அப்படியே இருக்கட்டும். அந்தோணி இப்போதே இதை மாட்டுவான். நீர் தண்ணீர் ஊற்றுகிற ரேடியேட்டர் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மலைக்கோயில் வரை போய் வாரும். அசல் என்றால் தண்ணீர் ஒழுகாது, ஆவி வராது, கையும் வேகாது."

தாண்டவராயன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு ராஜாவின் காலடியில் விழுந்து, சந்தையில் வாங்கியதையும் மைத்துனன் விஷயத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ராஜா அவரை நெல்லுக் களஞ்சியத்தில் எலி விரட்டும் வேலைக்கு அனுப்பினார். பட்டணத்துக் கம்பெனிக்கு அன்றைக்கே தந்தி போயிற்று. கோமதிநாயகத்தின் தோளில் ராஜாவின் சொந்தச் சால்வை ஏறியது.

"அதெல்லாம் சரி, இனிமேல் சாமான் வாங்க யாரைப் போடுவது? நீரே பார்த்துக்கொள்கிறீரா?" என்று கேட்டார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா. வண்டிச் சாமானை அந்தோணியே வாங்கட்டும்."

"அவனை மட்டும் எப்படி நம்புவது?"

"நம்பவே வேண்டாம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கிறவன் அவன். ஒழுகினால் கொதிக்கிற தண்ணீர் நேரே அவன் மூக்கில்தான் விழும்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்து மடியில் விழுந்தது.